வால் கொடுத்த வாக்குமூலம்

தண்ணீர் ஃபில்டர்காரரைப் பார்த்து நாய் வாலை ஆட்டியது. நடந்தது அவ்வளவுதான். வேறு வீடாக இருந்திருந்தால் ஃபில்டர்காரர் வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார், நாயும் போய்ப் படுத்திருக்கும், அந்தச் சனிக்கிழமையும் அதுபாட்டுக்குக் கழிந்திருக்கும்.

ஆனால் அந்த வீட்டு ஹாலில், செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அலுவலர். விபத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு வந்து நஷ்டஈடு கேட்பவரின் பின்னால் பூனை மாதிரி நடந்து போய் ஊரே அதிரத் தும்முவார். அந்த ஆள் சடக்கென்று திரும்பிப் பார்த்தால், அத்தோடு கோப்பை மூடிவிடுவார். அலுவலகத்தில் அவருக்குச் 'சந்தேகம் சார்' என்று பெயர். மற்றவர்கள் அதைப் பட்டப்பெயர் என்று நினைத்தார்கள். அவர் பட்டம் என்றே நினைத்தார்.

செய்தித்தாளை இரண்டு அங்குலம் இறக்கி நோட்டம் விட்டார்.

நாய்க்கு வால் மட்டும் ஆடவில்லை. இடுப்பு ஆடியது, முதுகு நெளிந்தது, வால் மேசை விசிறி மாதிரி வட்டமாகச் சுற்றியது. ஃபில்டர்காரர் வாசலிலேயே நின்று, கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் மலர, "அட, நீ இங்கதான் இருக்கியா?" என்றார்.

நாய்க்கு நேர் பின்னால், ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சந்தேகம் சாரின் மனைவி நின்றிருந்தாள்.

செய்தித்தாள் இன்னும் நான்கு அங்குலம் இறங்கியது. அதற்கு மேலே ஒரு தலை தெரிந்ததும் ஃபில்டர்காரருக்குக் குரல் கம்மிவிட்டது.

"இல்ல... வீடு இங்கதான் இருக்கான்னு கேட்டேன் சார்."

"வீடு வேற எங்க போகும்?" என்றாள் மனைவி. "வாங்க, கிச்சன் இந்தப் பக்கம்."

சந்தேகம் சாரின் மனக்காதில் ஒரே ஓர் எழுத்து மணியடித்துக்கொண்டே இருந்தது. 'நீ.' நீங்க இல்லை, நீ! போதாக்குறைக்குக் கிச்சன் எந்தப் பக்கம் என்று தெரியாதவன் போல அவனும், தெரியாதவனுக்கு வழி காட்டுவது போல இவளும் என்ன அழகாக நடிக்கிறார்கள்!

'நீ' என்ற சொல்லை மட்டும் வைத்து அவர் யாரையும் குற்றவாளி ஆக்கமாட்டார். தொழில் தர்மம் தெரிந்தவர். அவரை உலுக்கியது அந்த வட்டம்.

அந்த வாரம்தான் அவர் மேசைக்கு ஒரு நாய்க்கடிக் கோப்பு வந்திருந்தது. கூரியர்காரர் ஒருவர் கையில் கட்டோடு வந்து, "வாலை ஆட்டிச்சு சார். சிரிச்ச முகமா வேற இருந்துச்சு. அந்த நம்பிக்கையிலதான் தடவினேன்," என்று அழாத குறையாகச் சொன்னார். வாலை ஆட்டிய நாய் எப்படிக் கடிக்கும் என்று சந்தேகம் சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தடிமனான புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, மூன்று நாள் மதியச் சாப்பாட்டை மறந்து படித்தார்.

படிக்கப் படிக்கக் கண் திறந்தது. வாலாட்டுவது சிரிப்பு இல்லை, பேச்சு. அதனால்தான் ஆளில்லாத அறையில் நாய் பெரும்பாலும் வாலை ஆட்டுவதில்லை. மேலாளர் வந்த பிறகு ஊழியர்கள் சிரிப்பது போல, பார்க்க ஒருவர் வேண்டும். வாலைத் தூக்கி விறைப்பாக, குறுக்கிக் குறுக்கி ஆட்டினால், 'கிட்ட வந்தே, தொலைஞ்சே.' தாழ்த்தி ஆட்டினால், 'ஐயா, விட்டுடுங்க.' பிடித்தவரைக் கண்டால் வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், ஆகாதவரைக் கண்டால் இடப்பக்கம். இடுப்பெல்லாம் குலுங்க வட்டமாகச் சுற்றினால்? அது உயிருக்கு உயிரானவர், நெடுநேரம் கழித்துக் கண்ணில் படும்போது.

படித்து முடித்ததும் கூரியர்காரரின் கோப்பில், 'வாலைப் படிக்கத் தெரியாதவர் நாயைத் தொட்டது அவருடைய அறியாமை. மனு நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த வட்டத்தை அவர் தன் வீட்டில் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் வேலையிலிருந்து திரும்பும்போது நாய் படுத்த இடத்திலிருந்தே தரையில் இரண்டு தட்டுத் தட்டும், கடமைக்கு. அதுவும் இரண்டாவது தட்டு பாதியில் நின்றுவிடும்.

நாயின் பெயர் மாப்பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் தானாக வந்து, கதவு திறந்ததும் நேரே உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, வேலை ஒன்றும் கிடையாது, பாதிப் பகல் எங்கோ ஊர் சுற்றிவிட்டு வரும், ஏதாவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது?

ஃபில்டர்காரர் போன கையோடு விசாரணை தொடங்கியது.

"அந்த ஆளை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்த ஆளை?"

"ஃபில்டர்."

"கம்பெனிக்கு போன் பண்ணேன், அனுப்பினாங்க. ஏன், சரியா மாட்டலையா?"

"மாப்பிள்ளை வாலை ஆட்டினான்."

"நாய் வாலை ஆட்டாம பின்ன காதையா ஆட்டும்?"

"வட்டமா ஆட்டினான்."

"சதுரமா ஆட்டினா சொல்லுங்க, வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் பதினாறு பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவாள். நடுவில் சில மணி நேரம் வீட்டில். அந்தச் சில மணி நேரத்தைச் சந்தேகம் சார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

ஒரு முறை ஆட்டியதை ஆதாரம் என்று சொல்ல முடியாது. மறுபடி ஆட்டவைத்துப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து, ஃபில்டர் குழாயின் மறையைக் கால் சுற்று, வெறும் கால் சுற்று, தளர்த்தினார். சொட்டுச் சொட்டாக ஒழுகும், ஃபில்டர்காரரைக் கூப்பிடலாம் என்பது திட்டம். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது மாவு டப்பா ஹாலுக்குள் மிதந்து வந்துகொண்டிருந்தது.

ஃபில்டர்காரர் ஓடி வந்தார். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி மாப்பிள்ளை வட்டம் போட்டதில் சுவரெல்லாம் தண்ணீர் தெறித்தது. மறையைப் பார்த்த ஃபில்டர்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

"யாரோ கை வெச்சிருக்காங்களே."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றார் சந்தேகம் சார், வேறு பொருளில்.

மனைவிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். கூடவே மாப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். ஃபில்டர்காரர் வாய் தவறி, "க்ரீம் வெச்சது வேணாம்மா, நக்கிட்டு பிஸ்கட்டைத் துப்பிடுவான்," என்றார்.

"அட, ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஃபில்டர்காரருக்கு டீ புரையேறியது. "எல்லா நாயும்... அப்படித்தாங்களே."

சந்தேகம் சார் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, 'க்ரீம்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். கிளம்பும்போது ஃபில்டர்காரர் வாசலில் தயங்கி நின்றார். தலையைச் சொறிந்தார். பிறகு கேட்டார்:

"பகல்ல வீட்ல யாரும் இருக்கமாட்டீங்களா சார்?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்," என்று சொன்னவர், பையை எடுத்துக்கொண்டு பின்னங்கால் பிடரியில் பட ஓடினார்.

சும்மாவாம்! பத்தொன்பது வருஷ சர்வீஸில் 'சும்மா' என்று சொன்ன ஒருவனும் சும்மா இருந்ததை அவர் பார்த்ததில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மனைவி வேனைத் துடைத்துவிட்டு உள்ளே போன நேரத்தில், கடைசி சீட்டுக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டபின் அவள் எங்கே போகிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு. சீட்டுக்கு அடியில் ஒரு பழைய ஷூ, பாதி கடித்த ஆப்பிள், பசை காய்ந்த பென்சில் பெட்டி எல்லாம் இருந்தன. கடைசிப் பிள்ளையும் ஏறி வேன் கிளம்பியதும் தும்மல் வந்தது. எத்தனையோ கழுத்துப் பட்டைகளின் பொய்யை உடைத்த அதே தும்மல்.

"வேன் அக்கா!" என்று ஒரு கீச்சுக்குரல் எழுந்தது. "சீட்டுக்கு அடியில ஒரு அங்கிள் படுத்திருக்காரு!"

பதினாறு பிள்ளைகளும் ஒன்றாக வீறிட்டன. வேன் குலுங்கி நின்றது. மனைவி இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, குனிந்து பார்த்தாள். கணவன் ஆப்பிளோடு கிடந்தார்.

அவள் ஆப்பிளை மட்டும் எடுத்து வெளியே எறிந்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்கடா கண்ணுங்களா, வேன்ல சத்தம் வருதுன்னு பாக்க வந்த மெக்கானிக்," என்றாள். அவரிடம் தாழ்ந்த குரலில், "இறங்குங்க," என்றாள்.

வீட்டுக்கு மூன்று பஸ் மாறிப் போனார். மத்தியானம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: வேனில் அறிமுகமில்லாத ஆணை ஏற்றியது ஏன் என்று திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், திருப்தியாக இல்லாவிட்டால் வேறு ஓட்டுநரைப் பார்த்துக்கொள்வோம்.

"எதுக்குங்க அங்க போய்ப் படுத்தீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"சத்தம் வந்துச்சு."

"தும்மினது நீங்கதானே?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். அந்த மடிப்பு ரொம்பக் கூர்மையாக இருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். வேறு ஆளாக இருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் பாதி விசாரணையில் எழுந்து வருவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. நடுநிலையான ஒரு சோதனை மட்டும் பாக்கி என்று தோன்றியது. நாய் எல்லா மெக்கானிக்குகளையும் பார்த்து அப்படி ஆட்டுகிறதா, அந்த ஒருவனைப் பார்த்து மட்டுமா? அடையாள அணிவகுப்பு!

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏசிக்காரர், ஃப்ரிட்ஜ்காரர், வாஷிங் மெஷின்காரர், இன்டர்நெட்காரர், ஃபில்டர்காரர் என்று ஐந்து பேரை வரச் சொல்லிவிட்டார். முதல் நால்வரும் பத்தே முக்காலுக்கே ஒன்றாக வந்து, ஹாலில் பைகளோடு நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எது சார் ரிப்பேர்?" என்று கேட்டார் ஏசிக்காரர்.

"சொல்றேன். எல்லாரும் சுவரோரமா வரிசையா நில்லுங்க."

"வரிசையாவா?"

"கையைத் தொங்கப் போட்டுக்குங்க."

மாப்பிள்ளை தூக்கம் கலைந்த எரிச்சலோடு வந்து வரிசையைப் பார்வையிட்டது. ஏசிக்காரர் முன்னால் நின்றது. வால் மேலே எழுந்தது. சந்தேகம் சார் ஆர்வமாக எழுதத் தொடங்கினார். 'உயரம்: முழு உயரம். விறைப்பு: உண்டு. அசைவு: குறுகியது, வேகமானது. சாய்வு: இடது.' அடடா, புத்தகத்தில் இருந்த படம் அப்படியே உயிரோடு நிற்கிறதே என்று அவருக்குப் புல்லரித்தது. இதற்கு என்ன பொருள் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே மாப்பிள்ளை ஏசிக்காரரின் கெண்டைக்காலில் பொருளைச் சொல்லிவிட்டது.

"ஐயோ!" என்று அலறினார் ஏசிக்காரர். "வாலை ஆட்டிச்சே சார்! வாலை ஆட்டிச்சே!"

ஃப்ரிட்ஜ்காரர் சோபா மேல் ஏறினார். இன்டர்நெட்காரர் வாஷிங் மெஷின்காரர் மேல் ஏறினார். அந்த நேரம் பார்த்து ஃபில்டர்காரர் உள்ளே வந்தார். மாப்பிள்ளை வாயில் பேண்ட் துணியோடு திரும்பியது. வால் வட்டம் போட ஆரம்பித்தது.

"டேய்! என்னடா வேலை இது?" என்று அதட்டினார் ஃபில்டர்காரர்.

மூன்று வருஷமாக 'உட்கார்' என்றால் எழுந்து போகிற மாப்பிள்ளை, துணியைக் கீழே போட்டுவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு, ஃபில்டர்காரரின் காலடியில் குப்புறப் படுத்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்தார். "எனக்கு வேற கம்ப்ளெய்ன்ட் இருக்குங்க," என்று முணுமுணுத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

ஏசிக்காரரை மருத்துவமனைக்கு அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மேலாளர் போனில் வந்தார்.

"சந்தேகம் சார், அந்த ஏசி கம்பெனிக்கு நம்மகிட்டதான் பாலிசி, ஒரு நாய்க்கடி மனு வரப்போகுது. கடிச்சது உங்க நாயாம். வாலை ஆட்டிச்சாம். உங்க பழைய தீர்ப்பு எனக்கு மனப்பாடம். 'வாலைப் படிக்கத் தெரியாதவர்'னு ஆரம்பிக்குமே! கூரியர்காரர் கோப்பையும் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை என் ரூமுக்கு வாங்க. கழுத்துப் பட்டை போட்டுட்டு வந்தா நல்லது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி நின்றிருந்தாள். கையில் அவருடைய குறிப்பேடு. களேபரத்தில் எங்கேயோ விழுந்திருக்கிறது. அவள் எல்லாப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டாள். 'நீ', 'வட்டம்', 'க்ரீம்', 'பகலில் யாருமில்லையா', 'மனைவியின் முகபாவம்: அளவுக்கு மீறி இயல்பாக உள்ளது.'

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினோரு வருஷமா இந்தச் சந்தேகத்தை நீங்க செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள வர்றீங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள். குரல் உடையவில்லை. அதுதான் அவரை உடைத்தது.

"அப்படியில்லம்மா... அந்த வால்..."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை. 'உனக்கும் அந்த ஆளுக்கும் என்ன'ன்னு. நாயோட வாலைக் கேட்டீங்க. என்னைக் கேக்கல."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தனக்கு ஒரு வால் இருந்திருந்தால் இப்போது அது எங்கே இருந்திருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"கேட்டா இப்ப சொல்வியா?"

"மாட்டேன். நான் சொன்னா அதுக்கு ஒரு பக்கம் எழுதுவீங்க." அவள் வேன் சாவியை எடுத்தாள். "ஃபில்டர் பில்லுல அந்த ஆளு நம்பர் இருந்துச்சு. அட்ரஸ் கேட்டுட்டேன். நாலு தெரு தள்ளித்தான். அவர் வீட்லயே வெச்சுக் கேளுங்க, அவர் பொண்டாட்டி முன்னாடி கேளுங்க. மாப்பிள்ளையையும் ஏத்துங்க, சாட்சி அவன்தானே?"

"வேணாம். எனக்குச் சந்தேகமெல்லாம் போயிடுச்சு."

"எனக்கு வந்துடுச்சு. ஏறுங்க."

வேனில் முன் சீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டது. அவருக்குக் கடைசி சீட்டுதான் கிடைத்தது, இந்த முறை மேலே. கண்ணாடியில் மனைவியின் கண்கள் தெரிந்தன. அவை அவர் பக்கம் திரும்பவேயில்லை. அந்த ஆளும் இவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, இவள் ஒரு தடவை தன்னைத் திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

இரண்டாவது தெரு திரும்பியதும் மாப்பிள்ளை எழுந்து நின்றது. மூன்றாவது தெருவில் முனக ஆரம்பித்தது. நான்காவது தெருவில் வேன் வேகம் குறையும் முன்பே ஜன்னல் வழியாகக் குதித்து, பச்சைக் கேட் போட்ட ஒரு வீட்டை நோக்கி ஓடி, மூக்கால் கொக்கியைத் தூக்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. வீட்டு எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சந்தேகம் சார் இறங்கினார். மனைவி நிமிர்ந்த தலையோடு முன்னால் போனாள், அவர் நான்கடி தள்ளிப் பின்னால்.

கதவு திறந்தது. ஃபில்டர்காரரின் மனைவி, கையில் பிழிந்த துணியோடு, வாசலுக்கு வந்தாள். காலைச் சுற்றிச் சுற்றி வந்து வட்டமாக வாலாட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். பிறகு சந்தேகம் சாரின் மனைவியை உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை, அவரை ஒரு முறை, நிதானமாக அளந்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

சந்தேகம் சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவள் வீட்டுக்குள் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்:

"என்னங்க, சீக்கிரம் வாங்க! நம்ம நாயோட சின்ன வீட்டுக்காரங்க வந்திருக்காங்க!"